செத்த வீட்டில் சிரிக்கலாமா?

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். அப்பா காலமாகி நான்கு மாதம் ஆகிறது. காலையில் மீன் வாங்கப் போனவர், திரும்பி வரும் வழியில் காலி வீதியோரம் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. பெரிய வருத்தம் எதுவும் இல்லாத மனுஷன். 83 கலவரத்தில் தப்பி, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், பிறகு திரும்பவும் கொழும்புக்கே வந்து எங்களை வளர்த்தவர். அவ்வளவையும் தாண்டியவர் ஒரு மீன் பையோடு ஏன் போனார் என்று இரவில் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்பாவின் பெயர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறொரு மாதிரி. அதைச் சரிசெய்ய ஒரு கந்தோருக்குப் போனேன். அங்கிருந்தவர் கடதாசிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாவே வந்து ஒரு கையெழுத்து வைத்தால் சுகம்" என்றார். மரண அத்தாட்சிப் பத்திரம் அவர் கையில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உயிரோட இருக்கேக்கையே அந்தப் பக்கம் வரமாட்டன் எண்டு நிண்ட மனுசன், இப்ப எப்பிடி வருவார்?" என்றார். அம்மா சிரிக்கத் தொடங்க, என் கூடப்பிறந்த அக்காவும் நானும் அடக்க முடியாமல் சிரித்தோம். அந்தியேட்டிச் சடங்குக்கு இரண்டு நாள்தான் இருந்தது. உள்ளே இருந்த பெரியப்பா எழும்பி வந்து, "செத்த வீட்டில என்ன சிரிப்பு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

நாங்கள் செய்தது பிழையா? "இடுக்கண் வருங்கால் நகுக" என்று படித்தது மேடையில் சொல்ல நன்றாக இருக்கிறது. தனியே இருக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதேயில்லை. பதில் இல்லாத விஷயத்தைப் பேசித்தான் என்ன பயன்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அம்மா சொன்ன அந்த வசனத்தை வாசித்ததும் நானும் சிரித்துவிட்டேன். உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ஒரு வசனத்திலேயே ஆள் தெரிந்துவிட்டார்: கந்தோர்ப் படி ஏறப் பிடிக்காதவர், மனைவி எத்தனை தரம் சொன்னாலும் அசையாதவர். மரண அறிவித்தலிலும் மாலை போட்ட படத்திலும் அமரராகிவிட்ட மனுஷன் அந்த ஒரு நிமிஷம் பழையபடி வீட்டுக்குள் வந்துபோயிருக்கிறார். அம்மாவால் மட்டும்தான் அவரை அப்படிக் கூட்டிவர முடியும். இதில் அவமரியாதை ஒன்றையும் நான் காணவில்லை.

இந்த மாதிரி நேரங்களில் முதலில் சிரித்தது யார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். உங்கள் வீட்டில் முதலில் சிரித்தவர் கூடுதலாக இழந்தவர். அதே சிரிப்பைத் துக்கம் விசாரிக்க வந்த யாராவது தொடங்கியிருந்தால் பெரியப்பாவோடு சேர்ந்து நானும் கோபப்பட்டிருப்பேன்.

தனியே சிரிப்பு வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாக எடுக்க வேண்டாம், அநேகமாக யாருக்கும் வராது. ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், கடைத்தொகுதிகளிலும் நடைபாதைகளிலும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களின் சிரிப்புகள் 1,200 வரை திரட்டிப் பார்த்தார். பகிடி என்று சொல்லக்கூடிய ஒன்றுக்குப் பின்னால் வந்தவை அவற்றில் 20 வீதத்துக்கு மேல் இல்லை. மற்றதெல்லாம் "சரி, நான் போயிட்டு வாறன்" என்பது போன்ற வெறும் பேச்சுக்குப் பின்னால் வந்தவை. ஆள் தனியே இருக்கும்போது சிரிப்பதை விட இன்னொருவரோடு இருக்கும்போது சிரிப்பது 30 மடங்கு கூட என்றும் அவர் கண்டார். கதைக்க ஆள் இல்லாத அறையில் இரவு இரண்டு மணிக்கு உங்களுக்குச் சிரிப்பு வராததில் அதிசயம் ஒன்றுமில்லை.

வள்ளுவரைச் சொல்லி அலுத்துக்கொண்டீர்கள். நீங்கள் எடுத்த குறள் இடுக்கண் அழியாமையில் வருவது. எனக்கு அதைவிடப் பிடித்த இன்னொன்று பண்புடைமை அதிகாரத்தில் இருக்கிறது:

நகல்வல்லர் அல்லார்க்கு மாயிரு ஞாலம்
பகலும்பாற் பட்டன்று இருள்.

சிரிக்க மாட்டாதவருக்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருட்டாகத்தான் கிடக்கும். இதற்கு உரை எழுதும் பரிமேலழகர், ஒருவரோடும் கலந்து உள்ளம் மகிழ மாட்டாதவரைத்தான் வள்ளுவர் சொல்கிறார் என்கிறார். மற்றவரோடு கலக்கத் தெரிவதில்தான் அவருக்குக் கண். உங்களுக்குச் சொல்ல வேண்டிய குறள் இதுதான் என்று நினைக்கிறேன். துன்பம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தனியே சிரித்துக் காட்டு என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் நாம் எல்லோரும் கியூவில் நின்றோம். ஏப்ரல் மாதம் என்று ஞாபகம், எங்கள் பக்கத்துச் சந்தி ஒன்றில் காஸுக்குக் காத்திருந்தோம். சிலிண்டர்களை வரிசையாக வைத்துச் சங்கிலியால் பிணைத்துவிட்டு, மூடியிருந்த கடைப்படிகளில் ஆட்கள் இருந்தார்கள். கரண்ட் இல்லை, வெயில் வேறு. யாரும் யாரோடும் பேசவில்லை. பின்னேரம் லொறிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் துள்ளி எழும்பினோம். திரும்பி வந்தது மெத்தை ஏற்றிய லொறி. தொப்பி போட்ட ஒரு பெரியவர், "காஸ் வராட்டியும் பரவாயில்ல, இனி இங்கயே படுத்துக்கலாம்" என்றார். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தோம். என் பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் "மொகத கிவ்வே?" என்று கேட்க, யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். முதல் சிரிப்பு அடங்கியபிறகு மற்றப் பாதி வரிசை சிரித்தது. அவர்கள் சிரிப்பதைப் பார்த்து நாங்கள் திரும்பவும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிது. அந்தப் பெண் தன் தாய்க்குக் கஞ்சி வைக்கக்கூட வழியில்லை என்று சொல்லத் தொடங்கினார். பெரியவர் தன் கடையை மூடிவிட்டதைச் சொன்னார். விறகு எங்கே வாங்கலாம், மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கிறது என்று விலாசங்கள் கைமாறின. அன்றைக்குக் காஸ் வரவில்லை. நாடு ஏன் அப்படிப் போனது என்பதற்கும் அந்தப் படிகளில் யாரும் விடை கண்டுபிடிக்கவில்லை. ஆனால் காலையில் வாய் திறக்காமல் நின்றவர்கள் பின்னேரம் ஒருவர் வீட்டுக் கஷ்டத்தை இன்னொருவர் தெரிந்துகொண்டு பிரிந்தோம். மெத்தைப் பகிடி கதவைத் திறந்துவிட்டது, பேச்சு உள்ளே வந்தது.

உடம்பிலும் இதற்குக் கணக்கு இருக்கிறது போலும். ஒக்ஸ்போர்ட்டில் ராபின் டன்பாரும் கூட்டாளிகளும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைச் சேர்த்து இருத்திப் பகிடிப் படங்கள் காட்டினார்கள். பிறகு வைன் போத்தலைக் குளிர வைக்கும் உறையை உறைய வைத்துக் கையில் மாட்டி எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். வாய்விட்டுச் சிரித்தவர்கள் கூட நேரம் தாங்கினார்கள். வலியைத் தணிக்கும் எண்டோர்பின் உடம்பில் சுரப்பதுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். கவனியுங்கள், கையில் குளிர் குறையவில்லை. தாங்கும் அளவுதான் கூடியது.

எல்லா இடத்திலும் சிரிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் வீதியோரக் கொட்டில்களில் இருந்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சிரிப்பின் மகத்துவத்தைச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அந்தக் கொட்டிலுக்குள் அவர்கள் தங்களுக்குள் எதையாவது சொல்லிச் சிரித்தால் அது அவர்களுடையது. கொழும்பில் நமக்கும் அப்படிச் சில உண்டு. 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள், அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. "கொழும்பில் ஏன் நிற்கிறாய்?" என்ற கேள்விக்குச் சரியான விடை என்ன என்பது பற்றி நம் வீடுகளில் எத்தனை பகிடிகள் ஓடின! ஒன்றையும் வெளியாளிடம் நான் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

இனி உங்கள் இரவுக் கேள்வி. உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் மெய்ப்பாடு எட்டையும் எண்ணும்போது தொல்காப்பியர் நகை என்கிற சிரிப்பை முதலில் வைத்து, அழுகையை அதன் அடுத்தபடி வைக்கிறார். திகைப்புக்கும் தனி இடம் கொடுத்து, அதை "மதிமை சாலா மருட்கை" என்கிறார். அறிவு போய்ச் சேராத இடம் அது. உங்கள் அப்பா ஏன் அன்றைக்குப் போனார் என்பது அந்த இடத்துக் கேள்வி. வைத்தியர் இதயம் என்று சொல்லலாம், ஐயர் விதி என்று சொல்லலாம். இரண்டையும் கேட்டபிறகும் கேள்வி அப்படியே இருக்கும். அதற்கு என்னிடமும் விடை இல்லை, இருப்பதாக நடிக்கவும் மாட்டேன். விடை கிடைக்காத கேள்வியைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அதே கேள்வி அம்மாவிடமும் இருக்கிறது, அக்காவிடமும் இருக்கிறது. மூன்று பேரும் மூன்று அறையில் படுத்து யோசிக்கிறீர்கள். அன்று என்ன மீன் வாங்கினார், அதைப் பிறகு யார் என்ன செய்தார் என்பதையாவது ஒரு நாள் இருந்து பேசுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், சிரிப்பு வந்தால் அதையும் விடுங்கள்.

பெரியப்பாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவரைத்தான் கூட யோசனை. அவர் இழந்தது தம்பியை. நீங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தபோது அவர் உள்ளே தனியே இருந்திருக்கிறார். உங்கள் மூன்று பேருக்கும் தெரியாத ஒரு சின்னப் பொடியனை அவருக்குத் தெரியும், அந்தப் பொடியனைப் பற்றிக் கதைக்க அவருக்கு வீட்டில் ஆள் இல்லை.

பெயர்ப் பிரச்சினைக்கு, மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுப்பது வழக்கம். யார் சத்தியம் பண்ணினால் ஏற்பார்கள் என்று கந்தோரில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் செய்தால் சரி என்றால் பெரியப்பாவிடம் போங்கள். இல்லையென்றாலும் போங்கள். பள்ளிக்கூடத்தில் தம்பியின் பெயரை எப்படி எழுதினார்கள், யார் எழுத்தை மாற்றியது என்று கேட்டுப் பாருங்கள். கந்தோரில் நடந்ததையும் அம்மா சொன்னதையும் முதலிலிருந்து அவருக்குச் சொல்லுங்கள், இந்த முறை அவர் முகத்தைப் பார்த்து. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா