ஆயிரம் பௌர்ணமிக் கணக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்களுக்கு சர்வே (நில அளவை) பாடம் எடுத்த சிவில் பேராசிரியருக்கு வருகிற பங்குனியில் எண்பது நிறைகிறது. மண்டபம் பிடித்து, விழா மலர் போட்டு, சதாபிஷேகமும் செய்துவிடலாம் என்று பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவில் முடிவெடுத்துவிட்டோம். நேரில் போய்ச் சொன்னால் சார், "உங்க கணக்கே தப்புப்பா" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். மலருக்கு நீங்கள் ஒரு வாழ்த்துரை தரவேண்டும், அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வழியும் சொல்லவேண்டும்.

ஒரு பழைய மாணவன், திருநகர்

தம்பிக்கு,

அவர் கோபத்தில் சொன்னதாக நினைத்துக்கொண்டீர்கள் போல. எனக்கென்னவோ அது நிஜமாகவே கணக்குதான் என்று படுகிறது. சதாபிஷேகம் ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்வது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சராசரியாக 29.53 நாள், ஆயிரம் பௌர்ணமிக்கு 29,530 நாள், அதை 365.25ஆல் வகுத்தால் 80.85 வருஷம், அதாவது எண்பது முடிந்து பத்து மாதம். பெரியவர்கள் எண்பதும் எட்டு மாதமும் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் பங்குனியில் ஆயிரம் வராது. ஆயுசு முழுக்க லெவல் பார்த்த மனுஷன் இதை விடுவாரா?

நானும் இரண்டு வருஷம் ஸ்டாஃப் (மட்டம் பார்க்க நட்டுவைக்கிற, எண் போட்ட நீளக் கட்டை) பிடித்தவன்தான் (அப்புறம் அரியர் என்னை எழுத்தாளனாக்கிவிட்டது, அது வேறு கதை). உச்சி வெயிலில் அந்தக் கட்டையை நட்டுக்கொண்டு நின்றால், தூரத்தில் டம்பி லெவல் என்கிற மட்டம் பார்க்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி எங்கள் சார் கத்துவார்: "முன்னால பின்னால ஆட்டுறா!" பழைய கருவியில் எண்களெல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், நாங்களோ அதில் எதையாவது வாசித்து எழுதிவிடுவோம். ஸ்டாஃப் சாய்ந்தால் அளவு எப்போதும் கூடத்தான் காட்டும், குறையவே குறையாது. அதனால்தான் ஆட்டச் சொல்லி, அதில் வருகிற மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்வது. மேடைப் பாராட்டும் கொஞ்சம் அந்த ரகம்தான். சில வருஷம் முன்பு அதே சாருக்கு நாங்கள் ஒரு விழா எடுத்தோம். ராஜா நாற்காலியில் உட்காரவைத்து, இருபத்திமூன்று பொன்னாடை போட்டு, பதினொரு பேர் பேசி, கடைசியில் அவர் மைக்கைப் பிடிக்கும்போது கீழே பந்தி ஆரம்பித்துவிட்டது. "எல்லாருக்கும் நன்றி, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பேசுவதற்கு நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கம்பம் பக்கம் ஜனவரி 15 அன்று, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பிறந்தநாளுக்கு, பொங்கல் வைக்கிறார்கள். 1895இல் முடிந்த அணைத் தண்ணீர் இன்றைக்கும் வயலுக்கு வருகிறது, அதனால் வைக்கிறார்கள். இன்ஜினியரைக் கொண்டாட எனக்குத் தெரிந்த நல்ல முறை அதுதான்.

சரி, நீங்கள் கேட்ட வழி. சாரிடம் போய், "கணக்கு தப்புதான் சார், பங்குனியோடு பத்து மாதம் கூட்டினால் தை வருது" என்று சொல்லிப் பாருங்கள். தை என்றால் இங்கே மதுரையில் வண்டியூர் தெப்பத் திருவிழா, அதுவும் பௌர்ணமியில். திருவிழாக் கூட்டம் சேர்வதற்கு ஒரு வாரம் முன்னால், விடிகாலையில், மாரியம்மன் தெப்பக்குளத்துக் கரையில் அவரை ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். வைகைத் தண்ணீர் பனையூர் கால்வாய் வழியாக வாட்டத்திலேயே (தரைச் சரிவிலேயே) ஓடிவந்து குளத்தில் விழுகிறதே, அந்த வாட்டம் எவ்வளவு என்று உங்கள் பேட்ச் முழுக்க ஸ்டாஃபும் நோட்டுமாக அளந்து காட்டட்டும். இப்போது சூப்பரின்டெண்டிங் இன்ஜினியராக இருக்கிற ஆளும் திட்டு வாங்கட்டும். போலீசிடமும் மாநகராட்சியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முக்காலியை நட்டால் நடைப்பயிற்சிக்காரர்கள் ரோடு போடப்போகிறார்கள் என்று கூடிவிடுவார்கள். சாருக்கு ஒரு நல்ல நாற்காலியும் குடையும் வேண்டும். பேச்சாளர் வேண்டாம்.

மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். மலருக்கு வாழ்த்துரை எழுத எனக்கு மனமில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாஃப் பிடிக்க ஆள் குறைந்தால் சொல்லுங்கள், வருகிறேன்.