முதுகுத் திருகும் மில்லிமீட்டர் கணக்கும்

கேள்வி: பதினான்கு வயதான என் மகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் 58 டிகிரி வளைந்திருக்கிறது. திருகுகளும் கம்பிகளும் பொருத்தி நிமிர்த்த வேண்டும் என்கிறார்கள். ரோபோ இருக்கும் இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். எந்திர உதவி இல்லாமலே பல ஆண்டுகளாகத் திருகுகளைப் பொருத்தி வருவதாகச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: திருகு செல்லும் பாதையை முதலில் தெரிந்துகொண்டால், இருவர் சொல்வதையும் எடைபோடுவது எளிதாக இருக்கும். முள்ளெலும்பின் பின்பகுதியை முன்னாலுள்ள தடித்த உடற்பகுதியோடு இணைக்கும் ‘பெடிக்கிள்’ என்ற எலும்புக் காம்பு, இடத்தில் ஒன்றும் வலத்தில் ஒன்றுமாக இருக்கிறது. திருகு அதற்குள் நுழைந்துதான் முன்னேற வேண்டும். நெஞ்சுப் பகுதியின் நடுவில் இந்தக் காம்பின் அகலம் பெரியவர்களுக்கே நான்கைந்து மில்லிமீட்டர்தான். வளைவின் குழிந்த பக்கத்தில் அது மேலும் ஒடுங்கியிருப்பதோடு, தண்டுவடமும் அந்தப் பக்கத்துச் சுவரையே ஒட்டி நிற்கும். போதாததற்கு, எலும்புகள் வளைந்தது மட்டுமல்லாமல் தம் அச்சில் சுழன்றும் இருப்பதால், வழக்கமான அடையாளங்களை நம்பிச் சாய்வைத் தீர்மானிப்பது கடினம். உள்பக்கம் விலகினால் தண்டுவடம், இடப்புறத்தில் வெளியேயோ முன்னேயோ மிஞ்சிப் போனால் பெருந்தமனி என்று இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு.

கையால் பொருத்துபவர் கண்ணை மூடிக்கொண்டு செய்வதாக நினைத்துவிட வேண்டாம். மழுங்கிய முனையுள்ள கருவியால் காம்பின் மென்மையான உட்பகுதியைத் துளைத்துச் சென்று, பிறகு நுனியில் சிறு உருண்டை கொண்ட மெல்லிய கம்பியை விட்டு, நான்கு பக்கச் சுவர்களும் அடித்தளமும் உடையாமல் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்த பிறகே திருகைச் செலுத்துவார்; எக்ஸ்ரே படத்திலும் சரிபார்ப்பார். அனுபவமுள்ள கைகளில் இது பாதுகாப்பான முறை.

நேவிகேஷன் முறையில், அறுவை அரங்கிலேயே எடுக்கும் சி.டி. படத்தின் மீது கருவியின் நுனி எங்கே இருக்கிறது என்பது திரையில் தெரியும். ரோபோவின் கை, திட்டமிட்ட கோணத்தில் ஒரு குழாயைப் பிடித்துக் கொடுக்கும். திருகைச் செலுத்துவது பெரும்பாலும் மருத்துவரே. இவ்வகை உதவியோடு பொருத்திய திருகுகள் எலும்புக்குள் சரியாக நிற்கும் விகிதம் கூடுதல் என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் திரையில் தெரிவது சற்று முன்பு எடுத்த படம் என்பதை மறக்கக் கூடாது. கருவி இருக்கும் இடத்தைக் கணிப்பொறி கணக்கிடுவதற்காக எலும்பில் பொருத்திய அடையாளச் சட்டத்தில் யாருடைய முழங்கையாவது லேசாகப் பட்டாலும், சட்டத்திலிருந்து தள்ளியிருக்கும் எலும்பு அழுத்தத்தால் அசைந்தாலும், படம் ஒன்றைக் காட்ட, உண்மை வேறாக இருக்கும். திரை அதைச் சொல்லாது. அதனால் நேவிகேஷன் வைத்திருப்பவரும் தெரிந்த ஓர் எலும்பு முனையைத் தொட்டுத் திரையோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சி.டி. எடுப்பதால் வளரும் பிள்ளையின் உடலில் கதிர்வீச்சும் கூடும் என்பதால், குறைந்த அளவில் எடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஆகவே, ரோபோ இருக்கிறதா என்பதை நான் இரண்டாவது கேள்வியாகத்தான் வைப்பேன். திருகு விலகியிருந்தால், தையல் போடுவதற்கு முன்பே அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதே முதல் கேள்வி. காம்பு மிகவும் ஒடுங்கிய இடத்தில் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். அந்த எலும்பை விட்டுவிடுவேன், அல்லது கொக்கியோ பட்டையோ பயன்படுத்துவேன் என்று தயங்காமல் சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கேள்வி: அறுவை சிகிச்சைக்குப் பின் எடுத்த சி.டி.யில், என் தம்பியின் திருகு ஒன்று இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக எலும்பைத் தாண்டியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அவனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அதைக் கழற்ற வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. 1990-இல் கெர்ட்ஸ்பைன், ராபின்ஸ் ஆகிய இருவர் வகுத்த அளவுகோலில், முழுவதும் எலும்புக்குள் நிற்பது ‘ஏ’, இரண்டு மில்லிமீட்டருக்குள் விலகியிருப்பது ‘பி’. இவ்விரண்டையும் ஏற்கத்தக்கவையாகவே கணக்கிடுகிறார்கள். எனினும் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். விலாவை நோக்கிய சிறு விலகலும் தண்டுவடத்தை நோக்கிய விலகலும் ஒன்றல்ல. நுனி பெருந்தமனியைத் தொட்டால் மில்லிமீட்டர் கணக்கு பார்க்காமல் உடனே ஆலோசிக்க வேண்டும்.

கேள்வி: மயக்கத்தில் இருப்பவருக்கு நரம்பு பாதிக்கப்படுவது எப்படித் தெரியும்?

பதில்: முன்பெல்லாம் பாதியில் மயக்கத்தைக் குறைத்து, காலை அசைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், 1973-இல் பிரான்சில் விவரிக்கப்பட்ட முறை இது. இப்போது தலையில் மின்தூண்டல் கொடுத்துக் கால் தசைகளின் துடிப்பையும், காலில் தூண்டி மூளைக்குச் செல்லும் உணர்வுச் சைகையையும் இடைவிடாமல் கண்காணிக்கிறார்கள். தசைத்தளர்ச்சி மருந்துகள் இந்தத் துடிப்பை அடக்கிவிடும் என்பதால், மயக்க மருத்துவரும் அதற்கேற்ப மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தத் துடிப்போ சைகையோ வலுவிழந்தால் முதலில் ரத்த அழுத்தத்தை உயர்த்துவார்கள், மின்முனைகளைச் சரிபார்ப்பார்கள். சற்று முன்பு செலுத்திய திருகைக் கழற்றுவதும், நிமிர்த்திய வளைவைத் தளர்த்துவதும் அதே சில நிமிடங்களுக்குள் நடக்கும்.