மரைன் டிரைவ் நடைக்கு எந்த பிட்னஸ் பேண்ட்?

மாலையில் கொழும்பு மரைன் டிரைவில் நடை, வார இறுதியில் நீச்சல் தடாகம். கைபேசியைச் சுமக்கப் பிடிக்கவில்லை, மணிக்கட்டில் கட்டும் மலிவான பிட்னஸ் பேண்ட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைபேசி வேண்டாம் என்பதுதான் இங்கே முக்கியம். மலிவான பேண்டுகள் பலவற்றில் சொந்த ஜி.பி.எஸ். (செயற்கைக்கோள் மூலம் இடமறியும் வசதி) கிடையாது, கைபேசி இல்லாவிட்டால் காலடிகளை வைத்துத் தூரத்தை உத்தேசமாகவே சொல்லும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது ஜி.பி.எஸ். உள்ளதையே வாங்குங்கள்.

நீச்சலுக்கு, நீரழுத்தத்தைத் தாங்கும் அளவு 5 ஏ.டி.எம். என்று பேண்டில் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

வாங்கிய பின் கட்டும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே பேண்ட் இதயத் துடிப்பைக் கணிக்கிறது. வார் தளர்ந்தால் வெளிச்சம் புகுந்து எண்கள் தாறுமாறாகும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாதபடி கட்டுங்கள். கொழும்பு வியர்வைக்கு, வாரைத் தினமும் கழுவி உலர்த்துவது அவசியம். இல்லாவிட்டால் தோல் தடித்துவிடும். சந்தையிலிருந்து இரு கையிலும் பையோடு வரும்போது காலடிக் கணக்கு குறையும். கை வீசாததுதான் காரணம், பழுதல்ல.

புறக்கோட்டையில் விலை குறைவாகக் கிடைத்தாலும், உத்தரவாதச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.