டிரம்ஸ் வகுப்பும் பத்தாம் வகுப்பும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கியமான கேள்விகள் மூன்று இருக்கின்றன. ஒன்பதாவது படிக்கிற பையனை டிரம்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா? சேர்த்தால் படிப்பு கெட்டுப்போகுமா? பின்னால் "இதுதான் என் தொழில்" என்று பிடிவாதம் பிடித்தால் சோற்றுக்கு என்ன வழி? மூன்றாவது உங்கள் வீட்டுக்காரருடைய கேள்வி என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரியாததால்தான் மற்ற இரண்டுக்கும் வீட்டில் சண்டை நடக்கிறது.

மேடையில் வாசித்து மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் மிகவும் குறைவு. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, தேவாலயம், ஹோட்டல், கம்பெனி விழா என்று வாய்ப்புகள் உண்டு. ஆனால் அவை சீராக வராது. முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் இரண்டு இடத்திலிருந்து கூப்பிடுவார்கள். முகூர்த்தம் இல்லாத நாட்களில் போன் அடிக்காது. சினிமாப் பதிவிலும் நிலைமை மாறிவிட்டது. முன்பு ஒரு ஆள் உட்கார்ந்து வாசித்த தாளத்தில் பெரும்பகுதியை இப்போது கணினியிலேயே அமைத்துவிடுகிறார்கள். நேரடி டிரம்ஸ் தேவைப்படும்போது கைதேர்ந்த சிலரைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

மாதாமாதம் வருமானம் தருவது கற்பிக்கிற வேலைதான். தனியாகச் சொல்லித்தருவது, பள்ளியில் இசை ஆசிரியராக இருப்பது, இசைப் பள்ளியில் வகுப்பு எடுப்பது என்று அதற்குப் பல வழிகள். நான் பார்த்தவரை இந்தத் துறையில் நிம்மதியாக இருப்பவர்கள் வார நாட்களில் பாடம் நடத்தி, வார இறுதியில் வாசிக்கப் போகிறவர்கள். உங்கள் வீட்டுக்காரர் மனதில் டிரம்ஸ் புகழ் சிவமணியும் இருக்க வேண்டாம், தெருவில் நிற்கிற மகனும் இருக்க வேண்டாம். சராசரி நிலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நடுவில் நிற்கப் பையனுக்கு மூன்று தேவை: கையில் சுத்தமான வாசிப்பு, ஒரு பட்டம், நாலு பேருக்குப் புரிகிற மாதிரி பேசத் தெரிவது.

பட்டம் இசையில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உமையாள்புரம் சிவராமன் மிருதங்க மேதை. 2010-ல் பத்ம விபூஷண் பெற்றவர். அவர் சட்டப் பட்டதாரியும்கூட. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார். இசையிலேயே பட்டம் வேண்டுமென்றால் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்களைப் போன்ற திருச்சிக்காரர்களுக்குத் திருவையாறு பக்கம்தான். அங்கெல்லாம் மிருதங்கம், தவில் போன்ற நம் வாத்தியங்கள்தான் பாடம். டிரம்ஸ் செட்டை எதிர்பார்த்துப் போகக் கூடாது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் உண்டு. ஆனால் அவை பகல் நேர மூன்றாண்டுப் படிப்பு, பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குச் சரிவராது. இந்திய விமானப் படையில் அக்னிவீர்வாயு இசைக்கலைஞர் என்று தனிப் பிரிவுக்கும் ஆள் எடுக்கிறார்கள். எந்த வாத்தியங்களை ஏற்கிறார்கள் என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆள் சேர்ப்பு அக்னிபத் திட்டத்தில் நடக்கிறது, அதில் பணிக்காலம் நான்கு வருடம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, இதெல்லாம் நாலைந்து வருடம் கழித்து யோசிக்க வேண்டியது. இப்போது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது எந்த வாத்தியாரிடம் அனுப்புவது என்பது ஒன்றைத்தான். வாத்தியத்தை வாங்குவதுகூட அப்புறம்தான்.

பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிறந்தநாளுக்கு டிரம்ஸ் செட் வந்து இறங்கும். மூன்று மாதத்தில் அதன் மேல் துணி காயும். முதல் ஆறு மாதத்துக்குப் பையனுக்குத் தேவை ஒரு ஜோடி குச்சி, ரப்பர் முகம் வைத்த பயிற்சிப் பலகை ஒன்று, போனில் ஒரு மெட்ரோனோம் செயலி, அதாவது சொன்ன வேகத்தில் சீராக 'டிக் டிக்' என்று ஒலிப்பது. குச்சியில் 5ஏ என்று எண் போட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் அந்த அளவில்தான் தொடங்குகிறார்கள். பலகையைச் சாப்பாட்டு மேசை மேலேயே வைத்து வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார்.

நல்ல வாத்தியார் முதல் மாதத்தில் என்ன செய்வார் என்று தெரிந்துகொண்டால் மற்றவரை அடையாளம் காண்பது சுலபம். குச்சியை இறுக்கிப் பிடிக்காமல், அடித்ததும் அது தானாக எழும்ப விடச் சொல்லித்தருவார். பிறகு மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து மாற்றி மாற்றி ஒற்றை அடி, அதன்பின் இரட்டை அடி. அப்புறம் பாரடிடில் என்ற பாடம் வரும்: வலது, இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது. கேட்க எளிது. நிமிடத்துக்கு 60 வேகத்தில் ஐந்து நிமிடம் தடுமாறாமல், எட்டு அடியும் ஒரே கனத்தில் விழும்படி வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இடது கை அடி சன்னமாக விழும், வேகம் தன்னை அறியாமல் ஏறும். உலகம் முழுக்க டிரம்ஸ் கற்பவர்கள் பழகுகிற அடிப்படைப் பாடங்கள் 40 என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். பாரடிடிலும் அதில் சேர்த்தி. நம் மிருதங்கத்தில் முதல் பாடமான தத்தித்தொம்நம் எப்படியோ, இவையும் அப்படித்தான். இதைத் தாண்டி முதல் வாரமே சினிமாப் பாட்டுக்கு வாசிக்க வைத்து, வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பி மகிழ்விக்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டு இல்லாவிட்டால் பிள்ளை ஓடிவிடுவான். பாட்டு மட்டுமே பாடமாகிவிடக் கூடாது.

சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். தனி வகுப்பு என்று சொல்லிவிட்டு நாலு பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துச் சுற்றி வருகிறாரா? வகுப்பு நேரத்தில் பாதி அவரே வாசித்துக்காட்டுகிறாரா, பிள்ளை வாசிக்கிறானா? கட்டணம் மாதக் கணக்கா, வகுப்புக் கணக்கா? தேர்வு நேரத்தில் வராமல் போன வகுப்புக்கு மாற்று வகுப்பு உண்டா? இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். கடைசிக் கேள்விதான் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு.

அந்த வருடம் வகுப்பை அடியோடு நிறுத்திவிடுவதுதான் நம் வழக்கம். என் ஆலோசனை வேறு. வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள், வீட்டுப் பயிற்சியைத் தினம் இருபது நிமிடமாக வையுங்கள். திருப்புதல் தேர்வு தொடங்கியதும் வகுப்பு மட்டும் நிற்கட்டும், பலகை மேசையிலேயே இருக்கட்டும். கை ஒரு வருடம் சும்மா இருந்தால் திரும்பப் பழக்க மாதக்கணக்கில் ஆகும். பதினோராம் வகுப்பில் அதற்கு நேரம் கிடைக்காது. மதிப்பெண் குறைந்தால் குச்சியைப் பிடுங்கி வைப்பேன் என்று மட்டும் மிரட்டாதீர்கள். கணக்கில் குறைந்ததற்குக் கணக்கில்தான் காரணம் தேட வேண்டும்.

வாசிப்புத் திறமையைப் படிப்படியாகச் சோதிக்கிற கிரேடு தேர்வு பற்றியும் கேட்டிருந்தீர்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் தேர்வுகளை இங்கேயே எழுதலாம். இனிஷியல் என்ற ஆரம்ப நிலையில் தொடங்கி எட்டாம் கிரேடு வரை இருக்கிறது, வரிசையாக எல்லாவற்றையும் எழுத வேண்டிய அவசியமில்லை. ஆறு முதல் எட்டு வரையான கிரேடுகளுக்குப் பிரிட்டன் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புள்ளிகள் உண்டு. இங்கே தனியார் பள்ளிகளில் வேலை கேட்கும்போதும் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் ஒரு கிரேடின் சில பாட்டுகளை மட்டும் ஒரு வருடம் உருப்போட்டுத் தேறிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். புதிதாக ஒரு பாட்டைக் கொடுத்தால் விழிப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்வு போதும் என்பேன்.

காது விஷயத்தில் யாரும் அக்கறை காட்டுவதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்பது ஆபத்து என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். மூடிய அறையில் டிரம்ஸ் செட் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். அப்படியானால் பாதுகாப்பான நேரம் வெறும் 15 நிமிடம். செட்டில் உட்காரத் தொடங்கிய நாளிலிருந்து காதடைப்பான் கட்டாயம். சொல்லித்தருகிறவரே அதைப் போடாமல் இருந்தால் நீங்கள் கேளுங்கள். பின்னால் செட் வாங்குகிற நிலை வந்தால், அடுக்குமாடி வீட்டுக்கு எலக்ட்ரானிக் செட் நல்லது; ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம். பெடலை மிதிக்கிற அதிர்வு மட்டும் கீழ் வீட்டுக்குப் போகும், அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு போட வேண்டும்.

சின்னவளுக்கு ஆறு வயதுதானே, அவளும் அண்ணனோடு போகட்டுமா என்று கேட்கிறீர்கள். இந்த வயதில் அரை மணிக்கு மேல் தாங்காது. கைதட்டித் தாளம் போடுவது, தகதிமி போன்ற சொற்கட்டு சொல்வது போதும். ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஐந்து முதல் பதினாறு வயது வரை கலை வகுப்புகள் நடக்கின்றன. உங்கள் ஊர் மன்றத்தில் தாள வாத்தியம் உண்டா என்று விசாரியுங்கள். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது சொன்னால், கடம் வாசித்துப் பெயர் வாங்கிய சுகன்யா ராம்கோபாலின் கச்சேரி ஒன்றைப் போட்டுக்காட்டுங்கள்.

கடைசியாக, பின்குறிப்பில் நீங்கள் உங்களைப் பற்றித் தயங்கித் தயங்கி எழுதியிருந்தது. சின்ன வயதில் மிருதங்கம் ஆசை, இப்போது நாற்பத்திரண்டு ஆகிறது, இனிமேல் முடியுமா என்று. தாராளமாக முடியும். அரங்கேற்றக் கணக்கில் யோசிக்காமல், ஆதி தாளத்தில் ஒரு பாட்டுக்கு நிதானமாக வாசிக்க வேண்டும் என்று ஒன்றரை வருடத்துக்குக் குறி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சொல்லித்தந்து பழகிய வாத்தியாராகப் பாருங்கள். குழந்தைகளுக்கு மட்டுமே எடுப்பவர் உங்களிடமும் "நாளைக்கு நூறு தடவை எழுதிட்டு வாங்க" என்பார். முதல் சில வாரம் விரல் நுனி காந்தும், அது வழக்கம்தான். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிட்டு வாத்தியாரிடம் காட்டுங்கள், கை வைக்கிற முறை தவறாக இருக்கும். தரையில் உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம் என்பதால் முழங்கால் ஒத்துழைக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துழைக்காவிட்டால், வாயால் சொற்கட்டு சொல்லிக் கையால் தாளம் போடுகிற கொன்னக்கோலிலிருந்து தொடங்கலாம். அதற்கு வாயும் கையும் போதும், பையன் பலகையில் தட்டுகிற அதே இருபது நிமிடத்தில் நீங்களும் சொல்லிப் பழகிவிடலாம்.