ஓப்பனிங் மனப்பாடம், ஆட்டம் மட்டும் போகிறது: செஸ் கேள்வி-பதில்

கேள்வி: என் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1450. ஓப்பனிங், அதாவது தொடக்க நகர்த்தல்களை நன்றாகப் படித்திருக்கிறேன். ஆனாலும் 1800 ரேட்டிங்காரர்களிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். அவர்களிடம் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: கணக்கை எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியும். “வெட்டினேன், சிப்பாய் கிடைத்தது” என்று உங்கள் நகர்த்தலோடு நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். அவர்கள் எதிராளியின் பதிலையும் பார்த்துவிட்டுத்தான் காயைத் தொடுவார்கள்.

போர்டில் வைத்துப் பாருங்கள். நீங்கள் வெள்ளை; இ4 போன்றவை கட்டங்களின் பெயர்கள். இ4, இ5; குதிரை எஃப்3, குதிரை சி6; பிஷப் சி4, குதிரை டி4. இ5 சிப்பாய்க்கு இப்போது காவல் இல்லை. குதிரையால் வெட்டினால் கறுப்பு ராணி ஜி5-க்கு வரும். உங்கள் குதிரைக்கும் ஜி2 சிப்பாய்க்கும் ஒரே நேரத்தில் ஆபத்து. ‘ராணிக்கும் யானைக்கும் ஃபோர்க்’ (ஒரே காயால் இரண்டையும் தாக்குவது) என்று எஃப்7-ல் வெட்டுவீர்கள். ராணி ஜி2-வை வெட்டும். யானை எஃப்1, ராணி இ4-ல் வெட்டி செக், பிஷப் இ2, குதிரை எஃப்3, மேட். ஏழே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

இந்த மேட் வரை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டியதில்லை. ராணி ஜி5 ஒன்றைப் பார்த்திருந்தாலே போதும். சிப்பாயை விட்டுவிட்டு கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்திருப்பீர்கள். காயைத் தொடும் முன் எதிராளிக்கு என்ன செக் இருக்கிறது, என்ன வெட்டு இருக்கிறது, என்ன மிரட்டல் இருக்கிறது என்று இதே வரிசையில் தேடுங்கள். முதல் இரண்டையும் பலர் பார்த்துவிடுகிறார்கள். ராணி ஜி5 செக்கும் இல்லை, வெட்டும் இல்லை. அதனால்தான் கண்ணுக்குத் தப்புகிறது.

கேள்வி: ஆட முடிவு செய்த நகர்த்தலை முதலில் தாளில் எழுதி, சரிபார்த்த பிறகு ஆடலாமா?

பதில்: கூடாது. டிரா கோரும்போது போன்ற விதிவிலக்கு தவிர, முன்கூட்டி எழுதுவதை சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி தடை செய்கிறது. எதிராளியின் நகர்த்தலை எழுதி முடிக்கும்வரை போர்டில் கை வைக்காதீர்கள். அந்தச் சில விநாடிகளே அவசரத்தை அடக்கும்.

கேள்வி: எண்ட்கேம் (சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டம்) வரை ஆட்டம் போவதே அபூர்வம். எதற்குப் படிக்க வேண்டும்?

பதில்: அதற்கு முந்தைய நடுக்கட்டமான மிடில்கேமில் எந்தக் காயை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்யவே அது தேவை. வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. வெள்ளை ஆட வேண்டியிருந்தால் டிரா. கறுப்பு ஆட வேண்டியிருந்தால் வெள்ளைக்கு வெற்றி. இது தெரியாதவர், ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கிறதே என்ற தைரியத்தில் கடைசி யானைகளை மாற்றிக்கொண்டு அரைப் புள்ளியை விட்டுவிடுவார். முதலில் ராஜா-சிப்பாய் முடிவுகளைப் படியுங்கள், யானை முடிவுகளை அதன்பின் பார்க்கலாம்.