ரிச்சி தெருவில் சிப் வாங்கப் போறீங்களா? கேள்வி பதில்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலும் வெளியிலும் மைக்ரோகன்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் குட்டிக் கணினி) சிப் வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, ரிச்சி தெருவில் ஆர்டுயினோ சிப் கேட்டேன். "என்ன நம்பர்?" என்றார்கள். முழித்துவிட்டு வந்துவிட்டேன். (பாலிடெக்னிக் மாணவர், ஆவடி)

கடைக்காரர் கேட்டது நியாயம்தான் தம்பி. ஆர்டுயினோ என்பது போர்டின் பெயர். அதன் பிரபல மாடலான யூனோவில் இருக்கும் சிப் ஏடிமெகா328பி. பின்னால் "பியூ" என்று முடிந்தால் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) குத்தக்கூடிய 28 கால் டிப் வகை. "ஏயூ" என்றால் 32 கால் உள்ள சர்ஃபேஸ் மவுன்ட், அதாவது போர்டின் மேலேயே ஒட்டும் வகை. அதைக் கையால் சால்டர் செய்ய நிதானமும் ஃப்ளக்ஸும் வேண்டும். முழு நம்பரையும் சீட்டில் எழுதிக்கொண்டு போ.

தெருவுக்குள் நுழைந்ததும் சிசிடிவி, மொபைல் சமாச்சாரம்தான் கண்ணில் படும். உதிரி பாகத்துக்கு மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் பக்கம் திரும்பு, மாடிப்படியும் ஏறிப் பார். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். பைக்கை எடுத்துப் போய் நிறுத்த இடம் தேடி அலையாதே, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நட.

சார், 328பி-பியூ வாங்கி யூனோ சாக்கெட்டில் மாட்டினேன். புரோகிராம் ஏறவே மாட்டேங்குது. டூப்ளிகேட் கொடுத்துட்டாங்களா? (பெரம்பூர்)

அவசரப்பட்டுக் கடைக்காரரைத் திட்டாதீங்க. பேக்டரியிலிருந்து வரும் சிப்பில் பூட்லோடர் (யூஎஸ்பி வழியாக வரும் புரோகிராமை வாங்கிப் பதிக்கும் குட்டி மென்பொருள்) இருக்காது, அதனால் யூஎஸ்பி வழியாக எதுவும் ஏறாது. இன்னொரு யூனோவில் "ஆர்டுயினோ ஐஎஸ்பி" ஸ்கெட்சை (யூனோவை ஐஎஸ்பி, அதாவது பூட்லோடர் இல்லாமலே சிப்பில் நேரடியாக எழுதும் கருவி ஆக்கும் புரோகிராம்) ஏற்றி, அதை வைத்து இந்தச் சிப்புக்குப் பூட்லோடர் எழுதுங்க. பிரெட்போர்டில் செய்வதானால் 9, 10ஆம் கால்களுக்கு நடுவே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (சிப்புக்குத் தாளம் போடும் பாகம்), இரண்டு பக்கமும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் கபாசிட்டர், 1ஆம் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10கே ரெசிஸ்டர். கிரிஸ்டல் போடாமல் பூட்லோடர் எழுதினால் சிப் செத்த மாதிரி கிடக்கும். ஃப்யூஸ் (சிப்புக்குள் இருக்கும் செட்டிங்) வெளிக் கிரிஸ்டலுக்கு மாறிவிட்டதுதான் காரணம். கிரிஸ்டலை மாட்டினால் எழுந்துவிடும்.

புதுச் சிப் உள் ஆசிலேட்டரில், 8ஆல் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். யூனோவுக்குக் கம்பைல் செய்த பிளிங்க்கை (எல்இடி மினுக்கும் புரோகிராம்) அப்படியே ஐஎஸ்பி வழியாக ஏற்றினால் ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணைய வேண்டிய எல்இடி 16 விநாடி எரிந்து 16 விநாடி அணையும். அதுவும் டூப்ளிகேட் இல்லை!

"சிக்னேச்சர் (சிப்பின் அடையாள எண்) ஒத்துப்போகவில்லை" என்று ஏவிஆர்டியூட் (சிப்பில் எழுதும் மென்பொருள்) நின்றால் மட்டும் சிப்பின் முதுகைப் பாருங்க. கடைசி "பி" இல்லாத 328 ஆக இருக்கலாம். அதற்குச் சிக்னேச்சரே வேறு. வேலைக்கு ஆகும், ஆர்டுயினோ ஐடிஇ-யில் (புரோகிராம் எழுதும் மென்பொருள்) அதைச் சொல்லி வைக்க வேண்டும்.

புளூ பில் (எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள சிறு போர்டு) சல்லிசாகக் கிடைக்கிறது. உள்ளே இருப்பது ஒரிஜினல் எஸ்டிஎம்32 தானா? (வேளச்சேரி)

சல்லிசு என்றால் சந்தேகப்படுவது நல்லது. எஸ்டிஎம்32எஃப்103-க்கு நகல்கள் ஏராளம். ஜிடி32, சிஎஸ்32 என்று தன் பெயரிலேயே வந்தால் குறை சொல்ல மாட்டேன், பழகுவதற்குப் போதும். பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு மேலே எஸ்டி (எஸ்டிஎம்32 தயாரிக்கும் நிறுவனம்) முத்திரை குத்தி விற்கிறார்களே, அதுதான் திருட்டுத்தனம். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்க. கறுப்புப் பூச்சு பஞ்சில் ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டவில்லை என்பதற்காக ஒரிஜினல் என்று நம்பிவிடவும் வேண்டாம், லேசரில் எழுதும் ஆட்களும் உண்டு. எஸ்டிலிங்க் (சிப்பைக் கணினியோடு இணைக்கும் கருவி) மாட்டி ஓப்பன்ஓசிடி (சிப்போடு பேசும் மென்பொருள்) ஓட்டினால் சில நகல்கள் வேறு ஐடி கோடு காட்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மவுசர், டிஜிகீ போன்ற வெளிநாட்டு இணையக் கடைகளில் ஒரே ஒரு சிப் வாங்க முடியுமா? (அண்ணா நகர்)

தாராளமாக. ஆனால் ஒரு சிப்புக்காகச் செய்யாதீங்க. சின்ன ஆர்டருக்குக் கப்பல் கூலி, வரி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் என்று சேர்ந்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கேஒய்சி-யும் கேட்பார்கள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மொத்தமாகப் போட்டால் கட்டுப்படியாகும். ரிச்சி தெருவில் இல்லாத நம்பருக்கு, ரோபு, எவெல்டா போன்ற இந்திய இணையக் கடைகளை முதலில் தேடிப் பாருங்க.

காலேஜ் லேப்புக்கு 8051 வகை மைக்ரோகன்ட்ரோலர் வேண்டும். ஏடி89சி51 வாங்கவா? (கூடுவாஞ்சேரி)

ஏடி89எஸ்52 வாங்குமா. "எஸ்" வகையைப் போர்டிலேயே வைத்து ஐஎஸ்பி-யில் எழுதலாம். சி51-க்குத் தனி புரோகிராமர் வேண்டும்.

சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். 50 பீஸ் கன்ட்ரோலர் போர்டு போடணும். தெருவிலேயே சிப் எடுக்கலாமா? (அம்பத்தூர்)

மாதிரிக்கு எடுங்க. விற்கும் பொருளுக்கு வேண்டாம் என்பேன். அங்கீகாரம் பெற்ற டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஜிஎஸ்டி பில்லோடு எடுத்தால், நாளை ஒரு லாட் சொதப்பினால் கேட்க ஆள் இருக்கும். ஆர்டர் போடும் முன் தயாரிப்பாளர் தளத்தில் அந்த நம்பரின் நிலையைப் பாருங்க: "புது டிசைனுக்குப் பரிந்துரைக்கவில்லை" என்றிருந்தால் அதை வைத்துப் போர்டு வரையாதீங்க. 2021 தட்டுப்பாட்டில் எஸ்டிஎம்32 கிடைக்காமல் டிசைனையே மாற்றியவர்கள் உண்டு. முடிந்தால் கால் அமைப்பு ஒத்துப்போகும் இன்னொரு சிப்பையும் இப்போதே சோதித்து வையுங்க.

வைஃபை வேண்டும். ஈஎஸ்பி32 சிப்பைத் தனியாக வாங்கவா? (குரோம்பேட்டை)

வேண்டாம். ஈஎஸ்பி32-வ்ரூம் (WROOM) மாட்யூலாக வாங்குங்க. ஃப்ளாஷ், கிரிஸ்டல், ஆன்டெனா எல்லாம் அதிலேயே இருக்கும்.

கடையில் பேரம் பேசலாமா? (ராயபுரம்)

ஒன்றிரண்டு பீஸுக்குப் பேசினால் முறைப்பார்கள். பத்துப் பீஸ் எடுத்தால் கேளுங்க, குறைப்பார்கள். பல கடைகளில் விற்ற ஐசி-யைத் திரும்ப எடுக்க மாட்டார்கள், அதனால் காசு கொடுக்கும் முன் நம்பரை டார்ச் அடித்துப் படித்துவிடுங்க.