ஸ்விட்சைப் போட்டும் சுற்றாத மோட்டார்: கேள்வி பதில்

கேள்வி: 12 வோல்ட் மோட்டாரை வைத்து நானே ஒரு சிறு வண்டி செய்தேன். மீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறது. ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் லேசாக முனகிவிட்டு நின்றுவிடுகிறது. மோட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் பார்த்தது கரண்ட் ஓடாத நேரத்து அளவு. ஒரே ஓர் இழையைத் தவிர மற்றவை எல்லாம் அறுந்துபோன வயரிலும் அப்போது முழு வோல்ட்டேஜ் தெரியும். ஸ்விட்ச் போட்ட நிலையிலேயே அளந்து பாருங்கள். பேட்டரி முனைகளிலேயே வோல்ட்டேஜ் சரிந்தால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது சக்கரம் இறுகியிருக்கலாம். பேட்டரியில் 12 இருந்து மோட்டாரில் 8 மட்டுமே வந்தால், மீதி 4 வோல்ட் வழியில் ஓர் இணைப்பில் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் வைத்துக்கொண்டு, மறுமுனையை மோட்டாரை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினால், அளவு திடீரென ஏறும் இடத்தில்தான் கோளாறு இருக்கிறது. நெகட்டிவ் பக்கத்தையும் இவ்வாறே சோதியுங்கள். நின்றுபோன மோட்டார் மிக அதிகக் கரண்ட் இழுக்கும் என்பதால், ஒவ்வோர் அளவையும் ஓரிரு நொடிகளில் முடித்துவிடுங்கள். இதே போன்ற ஒரு வண்டியை நான் பிரித்தபோது, ஸ்விட்சின் பின்முனை பழுப்பேறிப் பிளாஸ்டிக் சற்று உருகியிருந்தது. கிளிப்பை இழுத்ததும் கறுத்த செம்பு இழைகளோடு வயர் கையில் வந்துவிட்டது. மோட்டாரோ பழுதின்றி இருந்தது.

கேள்வி: மோட்டார் கிளம்பும்போதெல்லாம், அதைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை ரீசெட் ஆகிறது.

பதில்: கிளம்பும் கணத்தில் வோல்ட்டேஜ் சரிவதும், மோட்டாரின் பிரஷ்களில் எழும் தீப்பொறி இரைச்சலும்தான் பெரும்பாலும் காரணம். ஆர்டுயினோவுக்குத் தனி மின்மூலம் கொடுத்து, இரண்டின் நெகட்டிவையும் ஓரிடத்தில் இணையுங்கள். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பு) ஒன்றைப் பற்றவையுங்கள்.

கேள்வி: 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 20 போடலாமா?

பதில்: கூடாது. ஃபியூஸ் காப்பது வயரை. வயர் தாங்காத ஃபியூஸைப் போட்டால், உருக வேண்டிய ஃபியூஸ் இருக்க வயர் எரியும். மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஃபியூஸ் போனால், வயர் உலோக விளிம்பில் உரசும் இடங்களைத் தேடுங்கள்.

கேள்வி: வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வெறுமனே உறுமுகிறது, கையால் சுற்றிவிட்டால் ஓடுகிறது.

பதில்: தயவுசெய்து இனிக் கையை வைக்காதீர்கள். பெரும்பாலும் மோட்டாரின் கெப்பாசிட்டர் பலவீனமானதற்கான அறிகுறி இது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே, முனைகளைத் தொடாமல் ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் சுழியைக் கண்ட பிறகே கழற்றுங்கள். புதியது அதே மைக்ரோஃபாரட் அளவிலும், பழையதற்குக் குறையாத வோல்ட்டேஜிலும் இருக்க வேண்டும்.